தடைக்காலத்துப் பிள்ளை

6-8-2007, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கரண்ட் இல்லை. மணலி பக்கமிருந்து அழுகின முட்டை வாடை. கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் வரை வரிசை கட்டி நிற்கின்றன. ஷேர் ஆட்டோ சந்துபொந்தெல்லாம் சுற்றி யார்டு ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் மேனேஜர் என் காலி நாற்காலியை முறைத்துக்கொண்டிருந்தார். நாற்காலி என்ன செய்யும், பாவம்.

வாங்க: கோதுமை மாவு, பினாயில், அத்தைக்கு மூட்டுத் தைலம், அவருக்கு பிளேடு.

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். மே மாதம் என் தங்கை தேவி வயிற்றில் வைத்தது போக எங்கள் கரு இரண்டு மிச்சம். குளிரில் வைத்திருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் என்ன செய்வதென்று சொல்ல வேண்டுமாம். "சுமக்க அதே தங்கச்சி வருவாங்களா, வேற ஆளா மேடம்?" என்று நர்ஸ் கேட்டாள். பிளவுஸுக்கு லைனிங் வைக்கவா என்று கேட்கிற குரல். சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

வேறு யார், தேவிதான். நாலு வருஷம் முன்னால் என் குழந்தை வயிற்றிலேயே போய், ரத்தம் நிற்காமல், கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். முட்டை நன்றாக இருக்கிறது, அவருடையதோடு சேர்த்துக் கரு உண்டாக்கி இன்னொரு வயிற்றில் வைக்கலாம் என்றார் டாக்டரம்மா. யார் வயிறு என்று நான் முழித்தபோது தேவிதான் வாயைத் திறந்தாள். "நான் தூக்கிக்கிறேன்கா." நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னது.

மே மாதம் தங்கவில்லை. அதனால் என்ன, இன்னொரு தடவை.

தேவிக்கு நாலைந்து முறை போன் போட்டேன். ரிங் போகிறது. எடுக்கவில்லை.

8-8, புதன்

தண்ணீர் லாரி வந்தது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்றபோது பேச்சு வாடகைத் தாய் பக்கம் திரும்பியது. நேற்று டிவி சீரியலில் காட்டினார்களாம். ஒருத்தி, "வூட்டை வாடகைக்கு வுடுவாங்க, வயித்தையுமா வுடுவாங்க?" இன்னொருத்தி, "அவ புருசன் இன்னா பண்ணிகினு இருந்தான், வேடிக்க பாத்துகினு இருந்தானா?" ஒரே சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய. அஞ்சு வருஷம் முன்னால் கேட்டிருந்தால் நானே இதைவிட மோசமாகப் பேசியிருப்பேன்.

மூன்றாம் வீட்டு லட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கும் குழந்தை இல்லை. குடத்தை இடுப்பில் ஏற்றும்போது, அது எந்த ஆஸ்பத்திரி, எந்த பஸ் போகும் என்று கேட்டாள். எனக்கெப்படித் தெரியும் என்றேன். நம்பவில்லை.

ஆபீசில் விஜயாவுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். சாப்பிடும்போது அவள் பாட்டு: தத்து எடுத்துக்கொள், அதுதான் நிம்மதி. இன்னொருத்தி வயிற்றில் வளர்வது எப்படி உன்னுடையதாகும். "டிபன் பாக்ஸ்ல கொழம்பு குடுத்து அனுப்பினாலே பாக்ஸ் திரும்பி வர மாட்டேங்குது மகேஸ்." கோபம் வந்தது. கூடப்பிறந்தவளும் அடுத்த வீட்டுக்காரியும் ஒன்றா?

அத்தை கட்சி வேறு, மாமியாராயிற்றே. "எந்த வயிறா இருந்தா இன்னா, மூக்கு நம்ம மூக்கா வந்தா போதும்." அந்த மூக்கா வேண்டும், சாமி.

தேவி இன்றும் எடுக்கவில்லை.

9-8, வியாழன்

மாலையில் நல்ல மழை. அம்மா காசிமேட்டிலிருந்து மீன் கூடையோடு வந்தாள், பாதி நனைந்து. எனக்கென்று நெத்திலி தனியாக வைத்திருந்தாள்.

தேவி ஏன் போன் எடுப்பதில்லை என்றேன். காய்ச்சல் என்றாள். என்ன காய்ச்சல் என்றேன். பித்தம் என்றாள். ஒரே மூச்சில் இரண்டு வியாதி. மறுபடி வைக்கலாம் என்று இருக்கிறேன், நீ ஒரு வார்த்தை சொல்லேன் என்றேன். அம்மா முந்தானையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். "அவள கொஞ்ச நாளு வுட்ரு மகேசு." காபி போடுகிறேன் என்பதற்குள் எழுந்துவிட்டாள். காபி குடிக்காமல் அம்மா போனதே இல்லை. வழக்கம்போல் கூடையை ஏற்றிவிட ஒரு கை கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தேவிக்கு அலுத்துவிட்டதோ? நியாயம்தான். ஊசி அவளுக்கு, மாத்திரை அவளுக்கு. மீன்பிடித் தடைக்காலமாகப் பார்த்து நாள் குறித்தது நான். போட்டுகள் கடலுக்குப் போகாது, அவள் புருஷன் சேகர் வீட்டில் இருந்து இரண்டு பெண்களையும் பார்த்துக்கொள்வான், தேவி என் வீட்டில் நிம்மதியாகப் படுத்திருக்கலாம் என்று கணக்கு. ஏப்ரல் பாதியில் தடை தொடங்கிய அன்றே வந்தாள். மே முதல் வாரம் கரு வைத்தார்கள். ரத்த டெஸ்டுக்கு முந்தின நாள், சின்னவளுக்கு உடம்பு கொதிக்கிறது என்று ஓடினாள். மறுநாள் போனில் "தீட்டு வந்துட்ச்சிக்கா" என்று அழுதாள். எதற்கும் டெஸ்ட் எடுக்கச் சொன்னது ஆஸ்பத்திரி. அழுகிறவளை இழுத்துக்கொண்டு போக எனக்கு மனசில்லை.

அவளுக்கு ஒரு புடவை எடுக்க வேண்டும். இந்தத் தடவை கெஞ்சக்கூடாது, சும்மா கேட்க வேண்டும்.

11-8, சனி

பெரியப்பா போய்விட்டார். விடியற்காலை, தூக்கத்தில். நாளை எடுப்பு. இன்று பேங்குக்குப் போக இருந்தது நின்றது.

12-8, ஞாயிறு

எப்படி எழுதுவது.

காசிமேடு. கடும் வெயில். பெரியப்பா வீட்டு வாசலில் பந்தல், சாவு மேளம். தேவி வரவில்லை. காய்ச்சல் குறையவில்லை என்றாள் அம்மா. நானும் தலையாட்டினேன்.

எடுக்கும் நேரம். சேகர் எதிர்ப்பக்கம் விளக்குக் கம்பத்தடியில் நின்றான். முகம் முழுக்கத் தாடி. ஏதோ கோயில் வேண்டுதல் என்று நினைத்தேன். குப்பத்தில் யார் செத்தாலும் பாடைக்கு முதல் தோள் அவனுடையது. போட்டு ஓட்டுகிறவன், தோள் அப்படி. "சேகரு, வா" என்று யாரோ கூப்பிட்டார்கள். அவன் இரண்டடி பின்னால் போனான். வேறு ஒருவர் வந்து தோள் கொடுத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

பக்கத்தில் சின்னம்மா. ஏன் சேகர் தூக்கவில்லை என்று கேட்டேன்.

"இன்னாடி ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கற? பொண்டாட்டி மாசமா கீறா, அவன் எப்டி பாடை தூக்குவான்? தாடிய பாத்தா தெரீல? தடைக்காலத்துப் புள்ள. தை பொறந்தா வருசா வருசம் நம்ம குப்பத்துல நாலு தூளி கட்றதுதானே."

பின்னால் இருந்தவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். சாவு வீட்டிலும்.

எங்கள் ஜனத்தில் புள்ளத்தாச்சி சாவு வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள். அவள் புருஷன் சவரம் பண்ண மாட்டான், பாடை தூக்க மாட்டான். நான் பிறந்து வளர்ந்த தெரு. எனக்குத் தெரியாதா இது. தேவிக்குக் காய்ச்சல் என்றதும் தலையாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அம்மா தூரத்திலிருந்து என்னைப் பார்த்தாள். சின்னம்மாவையும் பார்த்தாள். பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

அழுதேன். அப்படி ஒரு அழுகை நான் அழுததில்லை. பெரியப்பா மேல் எவ்வளவு பாசம் பார் என்று இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியப்பாவே, மன்னித்துக்கொள்ளும்.

13-8, திங்கள்

லீவு. தலைவலி என்று போன். சமைக்கவில்லை, அத்தை கஞ்சி வைத்தாள்.

தை மாதம் என்றாள் சின்னம்மா. விரல் விட்டு எண்ணினேன், ஒரு தரம் இல்லை, பத்துத் தரம். தடை தொடங்கிய நாளிலிருந்து டெஸ்டுக்கு முந்தின நாள் வரை தேவி என் வீட்டில், என் கட்டிலில். நான் தரையில். சேகர் வாசல் வரை வந்து பிள்ளைகளைக் காட்டிவிட்டுப் போவான், அவ்வளவுதான். அவள் சொன்னபடி "வந்துட்ச்சி" என்றால், அதற்கப்புறம் சேகரோடு தங்கியிருந்தால், மாசி பாதி ஆகிவிடும். தை ஆகாது. தை என்றால் மே முதல் வாரம். மே முதல் வாரம் என்றால் என் கரு.

இன்னொன்று. ஜூனில், கரு தங்குவதற்குக் கொடுத்த மாத்திரையில் மிச்சம் எங்கே என்று கேட்டேன். விலை ஜாஸ்தி, திருப்பிக் கொடுத்தால் ஆஸ்பத்திரியில் வேறு யாருக்காவது ஆகுமே என்றுதான். "கடல்ல போட்டுட்டேன்கா, அத பாத்தாலே அழுவ வருது" என்றாள். நானும் கூட அழுதேன்.

ஷிப்ட் முடித்து அவர் வந்ததும் சொன்னேன். ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். "இருக்காது" என்றார். கொஞ்சம் கழித்து, "அப்ப அது நம்முதா?"

மே மாதம் கரு வைத்த அன்றே இவரும் சவரத்தை நிறுத்தினார். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. நான்தானே அப்பன், நான்தானே தாடி விடணும் என்று. கம்பெனியில் சூப்பர்வைசர் கத்தினார். கேட்கவில்லை. தேவி போன் பண்ணிய அன்று சாயந்திரம் பாத்ரூமில் போய் மழித்துக்கொண்டு வந்தார். வெட்டுக்காயம் இரண்டு. அது பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

14-8, செவ்வாய்

ஆபீசுக்குப் போகாமல் காசிமேடு. ஏலம் முடிந்து அம்மா வஞ்சிரத்துக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கை நிற்கவில்லை. இன்னும் வேகமாகப் போட்டாள்.

உனக்கு எப்போது தெரியும் என்றேன். முதலிலிருந்தே என்றாள். பொய் சொல்லவில்லை, அந்த மட்டும்.

அவள் சொன்னதெல்லாம் இது: சேகருக்கு மொதலிலேயே இஷ்டமில்லை, தேவி மல்லுக்கட்டித்தான் ஒப்பவைத்தாள். தங்கிவிட்டது என்று தெரிந்ததும் அவன் திரும்பிக்கொண்டான். என் வீட்டில் என் பொண்டாட்டி வயிற்றில் இருப்பது எனக்குத்தான் என்றான். வயிறும் பிள்ளையுமாகப் போய்க் கை வீசிக்கொண்டு வந்தால் குப்பத்தில் பிள்ளையை விற்றவள் என்பார்கள். அந்தப் பேச்சோடு அவள் எப்படி இருப்பாள், அவள் பெண்கள் இரண்டும் எப்படிக் கட்டிக்கொண்டு போகும். நீ படித்தவள், வேலைக்குப் போகிறவள், உன் புருஷன் கை நீட்டாதவன். அவளுக்கு என்ன இருக்கிறது.

எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

அம்மா பலகையில் சிந்திய ஐஸைக் கையால் வழித்தாள். வழித்துக்கொண்டே சொன்னாள்: "ஐஸ்ல இன்னும் ரெண்டு கீதேடி ஒனக்கு. வேற யாராச்சும் பொம்பளைய பாத்து வெச்சிக்க. இது பூட்டும், வுட்ரு."

இரண்டு கரு மிச்சம் இருக்கிறதென்று அம்மாவிடம் சொன்னது நான்தான். போன வாரம், நெத்திலி ஆய்ந்துகொண்டே.

அங்கேயே கத்தியிருக்க வேண்டும். சுற்றிலும் மீன்காரிகள், எல்லாரும் சின்ன வயதிலிருந்து என்னைத் தெரிந்தவர்கள். பஸ்ஸில் டிக்கெட் வாங்க மறந்து கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

15-8, புதன்

லீவு நாள். ஒலிபெருக்கியில் தேசபக்திப் பாட்டு. தேவி வீட்டுக்குப் போனேன். ஹவுசிங் போர்டு, இரண்டாம் மாடி. பெண்கள் கொடியேற்ற ஸ்கூலுக்குப் போயிருந்தார்கள். சேகர் கடலில்.

கதவைத் திறந்தவள் நைட்டி மேல் துண்டைப் போட்டு வயிற்றை மறைத்தாள். என்னிடமிருந்து. "உள்ள வாக்கா" என்றாள். குரல் மட்டும் பழைய தேவி.

திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனதில் ஒன்றும் வரவில்லை. மாத்திரையைக் கடலில் போட்டாயா என்றுதான் கேட்டேன்.

இல்லை என்று தலையை ஆட்டினாள். "முழுங்கிட்டேன்கா. ஒண்ணு வுடாம."

அப்புறம் அவளாகப் பேசினாள். என் வீட்டில் இருக்கும்போதே தெரிந்துவிட்டதாம். வாய் கசந்ததாம், இரண்டு பெற்றவளுக்குத் தெரியாதா. டெஸ்ட் எடுத்தால் எனக்கும் தெரிந்துவிடும், அப்புறம் தரமாட்டேன் என்று சொல்ல முடியாது என்று பயந்து ஓடி வந்தாளாம். சின்னவளுக்குக் காய்ச்சலே இல்லை. அந்தக் காய்ச்சலுக்கு நான் ஆரஞ்சுப் பழம் கொடுத்தனுப்பினேன்.

"குடுத்துடலாம்னுதான்கா வந்தேன். சத்தியமா. இப்ப முடியாது. நேத்துலேருந்து உள்ள ஓடுது. அது யாரு கருன்னு அதுக்குத் தெரியுமா? என் ரத்தத்தக் குடிச்சிகினு கீது, நான் துன்னா துன்னுது."

என் கை தானாகப் போய் அவள் வயிற்றில் படிந்தது. அவள் தடுக்கவில்லை. துண்டை நகர்த்தினாள். எவ்வளவு நேரம் வைத்திருந்தேனோ. ஒன்றுமே இல்லை.

"வெளிய இன்னும் தெரியாதுக்கா. எனக்கு மட்டுந்தான் தெரியும்."

வந்துவிட்டேன். புடவையை எடுத்துப் போயிருந்தேன், என்ன நினைப்பில் எடுத்தேனோ. பையிலேயே திரும்பி வந்தது.

அவளை நான் வெறுக்கிறேன். எழுதிப் பார்க்கிறேன். வெறுக்கிறேன். அவள் காலையில் ஒழுங்காகச் சாப்பிட்டாளா என்றும் ஓடுகிறது. சாப்பிடட்டும். என் பிள்ளைக்காக.

18-8, சனி

அவரும் நானும் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா முதலில் எங்களைக் கோபித்தார், டெஸ்டுக்குக் கூட்டி வராததற்கு. பிறகு தண்ணீர் கொடுத்தார். பிறந்த பிறகு ரத்தத்தில் பார்த்து யார் குழந்தை என்று சொல்லிவிடலாமாம். தேவி ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட். இதற்கென்று சட்டம் ஒன்றும் இன்னும் வரவில்லை, எத்தனை வருஷம் இழுக்குமோ என்றார்.

பெற்றுத் தருவதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாளே என்றார் இவர். தங்கை கையெழுத்தை நீட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். குத்தலாக இல்லை, நிஜமாகவே கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கொழு கொழு குழந்தை படத்தைப் பார்த்தேன்.

மிச்சம் இரண்டையும் வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

பூண்டு, சீயக்காய். அத்தை தைலம் மறுபடி தீர்ந்தது. குடிக்கிறாளோ என்னவோ.

21-8, செவ்வாய்

லட்சுமி இன்று வீட்டுக்கே வந்துவிட்டாள். மறுபடியும் எந்த ஆஸ்பத்திரி என்று. இந்தத் தடவை சொன்னேன். பஸ் நம்பர், எந்த நிறுத்தம், டாக்டரம்மா பேர், எல்லாம். அவள் அண்ணி சுமக்க ஒப்புக்கொள்வாளாம், ரொம்ப நல்ல மாதிரியாம். முன்பின் தெரியாத பொம்பளையாகப் பார் என்றேன். "தெரியாதவள எப்டிக்கா நம்பறது?" என்றாள். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அடுப்பு எரியவே இல்லை.

விஜயாவிடம் சொல்லவில்லை. டிபன் பாக்ஸ் கதையை இன்னொரு தரம் கேட்கத் தெம்பில்லை.

23-8, வியாழன்

அவர் சவரம் செய்யவில்லை. இன்று இல்லை, நான் விஷயத்தைச் சொன்ன அந்தத் திங்கட்கிழமையிலிருந்தே. இப்போதுதான் உறைக்கிறது. நான் வாங்கி வைத்த பிளேடு பாக்கெட் பிரிக்காமல் கண்ணாடிக்குப் பின்னால். தாடியில் இடது பக்கம் நாலு நரை, மே மாதம் அது இல்லை. சூப்பர்வைசர் மெமோ தருவேன் என்றாராம். கொடுங்கள் என்றாராம் இவர். வாய் பேசாத மனுஷன்.

அத்தை காலையில் மகனை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். இட்லி ஒன்று கூட வைத்தாள், எனக்கு.

26-8, ஞாயிறு

மேகமூட்டம். துணி காயவில்லை. அவர் உள்ளே ஸ்டவ் ரிப்பேரோடு திண்டாட்டம்.

பதினொரு மணி போல அம்மா வந்தாள். கூடை, நெத்திலிப் பொட்டலம், எல்லாம் எப்போதும் போல. நான் கதவருகில் நின்றேன், உள்ளே வா என்று சொல்லவில்லை. படியிலேயே உட்கார்ந்தாள். பெரியப்பா காரியம் எப்படி நடந்தது, யார் யார் வந்தார்கள் என்று கொஞ்ச நேரம். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தாள். ஐப்பசியில் தேவிக்கு வளைகாப்பு, மூன்றாவதானாலும் செய்தே ஆக வேண்டும் என்கிறானாம் சேகர். அக்காக்காரி முதல் வளையல் போட வேண்டும், நான் இல்லாவிட்டால் குப்பத்தில் நாலு விதமாகப் பேசுவார்கள்.

அவர் அப்போது ஸ்டவ்வின் பர்னரைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். அவர் உள்ளே போகும் வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி,

"மாப்ளைய சவரம் பண்ணிக்கச் சொல்லு மகேசு. வளைகாப்புக்கு இந்த மூஞ்சியோட வந்து நின்னா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க? சேகரு வேற தாடியோட நிக்கறான்."

"புள்ளத்தாச்சி புருஷன் சவரம் பண்ணக்கூடாதுன்னு நீதானேம்மா சொல்லிக் குடுத்த?"

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டேன்.

அம்மா பொட்டலத்தைப் படியில் வைத்தாள். எழுந்தாள். கூடை பாதிக்கு மேல் நிறைந்திருந்தது, ஒருத்தியாகத் தூக்கித் தலைக்கு ஏற்ற முடியாது. ஏற்றிவிட என்னைக் கூப்பிடுவாள் என்று நின்றேன். கூப்பிடவில்லை. முட்டியில் வைத்து, சுவரில் சாய்த்து, எப்படியோ ஏற்றிக்கொண்டாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.